சட்டைப் பையில் திருநீறு

மணையில் உட்கார்ந்த தாய்மாமன் காது குத்தி முடிகிறவரை எழுந்திருக்கக் கூடாது. இதை யார், எந்தக் காலத்தில் சட்டமாகப் போட்டார்கள் என்று பூபதிக்குத் தெரியாது, ஆனால் போட்டவன் நன்றாக இருக்கமாட்டான். ஆசாரி போன் போட்டு முக்குத் திரும்பிவிட்டேன் என்று சொன்னதை நம்பி, அக்கா சுகந்தி இவனைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய மூன்று வயது மகளைத் தூக்கி மடியில் வைத்தாள். அது நடந்து முழுசாக அரை மணி நேரம் ஆகிறது. அந்த முக்கு எந்த ஊரில் இருக்கிறதோ தெரியவில்லை. குலதெய்வக் கோயில் முன்னால் போட்டிருந்த தகரக் கொட்டகை வெயிலில் காய்ந்தது. உறவும் பழக்கமுமாக நாற்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். பூபதிக்கு மட்டும் குளிர்ந்தது. நிவிஷாவின் மொட்டைத் தலை அவன் தாடைக்குக் கீழே ஈரமாக இருந்தது. அந்தச் சந்தன ஈரம் சட்டை வழியாக நெஞ்சில் இறங்கி, அங்கிருந்து கை ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. மணி பதினொன்று ஐந்து. நல்ல நேரம் பன்னிரண்டு வரை. நேற்றுச் சாயங்காலம் ஆறு மணிக்கு ரயில் கழிவறையில் கடைசியாக. ஆறிலிருந்து பதினொன்று, பதினேழு மணி நேரம். இதைத்தான் காலையிலிருந்து நூறு தடவை எண்ணிவிட்டான். எண்ண எண்ண நேரம் குறையும் என்பதுபோல.

ஆசாரி வருவார். இரண்டு காது, இரண்டு நிமிஷம். கம்மலை மாட்டி, எல்லாரும் பூப்போட்டு, எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு, 'ஒண்ணுக்குப் போய்ட்டு வந்தர்றேன்' என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள். கோயிலுக்குப் பின்னால் மோட்டார் ரூம் இருக்கிறது, காலையில் வண்டியை விட்டு இறங்கும்போதே பார்த்து வைத்துவிட்டான். கதவில் பூட்டு இல்லை. அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம் போதும், திரும்பி வந்து பந்தியில் உட்கார்ந்து அக்கா கையால் பாயசம் வாங்கிச் சாப்பிடலாம், எல்லாரையும் பார்த்துச் சிரிக்கலாம், நல்ல தம்பியாக இருக்கலாம். சட்டைப் பையில் இருந்த பொட்டலம் குழந்தையின் முதுகுக்கும் அவன் நெஞ்சுக்கும் நடுவில் அழுந்திக் கிடந்தது. கட்டை விரல் நகம் அளவுக்கு மடித்த காகிதம். அதன் நாலு மூலையும் நாலு இடத்தில் குத்துவதுபோல் அவனுக்கு இருந்தது. காகிதம் எங்கேயாவது குத்துமா. நிவிஷா நெளிந்தாள். 'மாமா, எப்ப மாமா எறங்கறது?' 'இருடா கண்ணு, ஆசாரித் தாத்தா வந்துருவாரு.' 'வந்து?' 'கம்மல் போடுவாரு.' 'வலிக்குமா?' 'வலிக்காது சாமி.' என்ன சுலபமாக வாயில் வருகிறது. வலிக்காது. இவனிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

அப்போது வடக்கே ஒரு ஊரில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ரிக் வண்டிக்கு ஊர்ப் பெயர் எதற்கு, இன்றைக்கு இங்கே, நாளை மறுநாள் நாற்பது கிலோமீட்டர் தள்ளி. பூபதி டிரில்லர். எண்ணூறு அடி தாண்டியும் தண்ணி வராமல் வெறும் புழுதியாக அடித்துக்கொண்டிருந்த மத்தியானம், தூக்கிய இரும்புக் குழாய் கொக்கியிலிருந்து நழுவி அவன் இடது தோளில் இறங்கியது. இறங்கிய சத்தம் கூடக் கேட்கவில்லை, கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, ஒரு மாத்திரை எழுதினார்கள். பத்து நாளைக்கு. வலி இருந்தால் மட்டும் போடு என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னதைக்கூட வண்டி மேனேஜர் மொழிபெயர்த்துச் சொன்னார். வலி இருந்தால் மட்டும். டாக்டருக்கு என்ன தெரியும், ஒரு மனிதனுக்கு எத்தனை இடத்தில் வலி இருக்கும் என்று. முதல் மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில் தோள் வலி போனது. கூடவே புழுதி போனது, கம்ப்ரசர் சத்தம் தூரத்தில் யார் வீட்டிலோ மாவு ஆட்டுவதுபோல் ஆனது, ஐந்து வருஷமாக வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கிய அலுப்பு போனது. அம்மா செத்தபோது வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்களே, அதுவும் போனது. பூபதிக்கு அழுகையே வந்துவிட்டது, இவ்வளவு நிம்மதி கடையில் விற்கிறதா என்று. பத்து நாள் முடிந்தது. தோள் ஆறியது. பதினோராம் நாள் மூக்கு ஒழுகியது, கால் இரண்டும் படுக்கையில் தானாக உதைத்துக்கொண்டன. சரி, வலி இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

பூபதி குடிக்க மாட்டான். அதுதான் இதில் சிரிப்பு. பீடி, பான்பராக் எதுவும் கிடையாது. வருஷம் தவறாமல் மாலை போட்டு மலைக்குப் போகிறவன். 'எந்தம்பியப் பாருங்க, ஊரு ஊராத் திரியறவன், ஒரு சொட்டுத் தொட்டிருப்பானா?' என்று மச்சான் குணசேகரைச் சுகந்தி வையாத நாள் இல்லை. மச்சானும் பாவம், வாரத்துக்கு ஒருநாள் குடித்துவிட்டு வந்து மைத்துனன் பெயரால் ஏழு நாள் திட்டு வாங்குவார். மருந்து வேறு, போதை வேறு. டாக்டர் எழுதிக் கொடுத்தது. சீல் வைத்த சீட்டு இருக்கிறது. அந்தச் சீட்டை மடித்து மடித்து நாலாகக் கிழியப் போன சமயத்தில் பூபதி அதை ஒரு செராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டான். ஆதார் அட்டையைக்கூட அவன் லேமினேஷன் போட்டதில்லை. ரிக் வண்டி ஊர் மாறும்போதெல்லாம் புது மருந்துக்கடை, புது ஆள், கண்ணாடி மாதிரி பளபளக்கும் பழைய சீட்டு. ஒரு கடைக்காரனும் தேதியைப் பார்க்கவில்லை. ஒன்று இரண்டானது, நாலானது, மாத்திரைப் பட்டையைக் கிழித்தால் ஒரே வேளைக்குப் பாதி. ஒருநாள் ஒரு கடைக்காரன் பார்த்தான். அடுத்த ஊரிலும் பார்த்தார்கள். ஏதோ சோதனை நடந்திருக்கிறது, கெடுபிடி, புதுச் சீட்டு இல்லாமல் தரமாட்டோம் என்று கையை விரித்தார்கள். நாலு நாள். அந்த நாலு நாளைப் பற்றி நினைக்க வேண்டாம்.

நினைக்க வேண்டாம் என்றால் விடுகிறதா. கொட்டாவி வந்தது. தாடை கழன்று விழுகிற மாதிரி ஒன்று, அது முடிவதற்குள் இன்னொன்று. கண்ணிலிருந்து தண்ணி தாரையாக இறங்கியது, துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் குழந்தையைச் சுற்றி இருந்தன. மூக்கை உறிஞ்சினான். முன் வரிசையில் யாரோ அதைப் பார்த்துவிட்டார்கள். 'அட, மாமங்காரனப் பாரு, அழுவறான்.' 'பின்ன? அவுங்கம்மா இருந்து பாக்கோணும் இத.' 'தங்கமான பையன்.' சுகந்தி திரும்பிப் பார்த்தாள், அவளுக்கும் கண் நிறைந்தது, பட்டுச் சேலைத் தலைப்பால் தம்பியின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். 'அழுவாதறா. அம்மா எங்கிருந்தோ பாத்துட்டுத்தான் இருப்பா.' பூபதிக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது. அம்மாவை அவன் நினைக்கவே இல்லை. மோட்டார் ரூம் கதவை நினைத்துக்கொண்டிருந்தான். அதன் தாழ்ப்பாள் உள்ளே இருக்குமா, வெளியே மட்டுமா.

நாலாம் நாள் ஒரு டாபாவுக்குப் பின்னால் வாந்தி எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த லாரி டிரைவர் வந்தான். இவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். இந்த முகம் அவனுக்குப் பழக்கம் போலிருக்கிறது. நல்ல மனுஷன், முதலில் தண்ணி வாங்கிக் கொடுத்தான். அப்புறம் பையிலிருந்து எடுத்தான். மாத்திரையும் இதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், அது தம்பி, இது அண்ணன், அவ்வளவுதான் என்று இந்தியில் சொன்னான். பூபதிக்குப் பாதி புரிந்தது, அந்தப் பாதி போதுமாக இருந்தது. மாத்திரையை விட விலை குறைச்சல் என்பதும் புரிந்தது. செய்தித்தாளில் ஹெராயின் என்று போட்டுப் போலீஸ் நடுவில் தலைகுனிந்து நிற்பார்களே, அவர்கள் யாரோ. பூபதி வேறு. பூபதிக்குக் கிடைக்காமல் போன மருந்துக்குப் பதில் இது, மாத்திரை திரும்பக் கிடைக்கிறவரை. மாத்திரை கிடைத்தபோது, ஒரு பட்டை முழுசாகப் போட்டும் ஒன்றும் ஆகவில்லை. தம்பி போதவில்லை. ஹெராயின் என்ற அந்தப் பெயரை ஒன்றரை வருஷத்தில் ஒருதடவைகூட வாயால் சொன்னதில்லை. தூள் என்பான். மனசுக்குள் அதுகூட இல்லை, 'அது' என்பான்.

'மாமா, இது என்ன?' நிவிஷா திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் சுண்டு விரல் சட்டைப் பைக்குள் இருந்தது. பூபதி அவள் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் குழந்தை திடுக்கிட்டு உதட்டைப் பிதுக்கியது. 'ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல. அது திருநீறு.' சொல்லிவிட்டான். இரண்டாவது தடவை. முதல் தடவை காலையில். ஆறு மணிக்கே வீடு முழுக்க ஆள், ஒரே ஒரு பாத்ரூம், வெளியே நாலு பேர் வாளியோடு வரிசை. உள்ளே போய்த் தாழ் போட்டாலும் இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் கதவைத் தட்டினார்கள். சரி, கோயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று வெளியே வந்து, பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக் கொடியில் மாட்டிவிட்டுத் திரும்பினால், அக்கா இவன் சட்டையைத் தேய்க்க எடுத்து, பையைத் துழாவி, பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். 'என்றா இது?' என்ன சொல்லியிருக்கலாம். சீயக்காய், பல்பொடி, வண்டிக்குப் போடுகிற பவுடர். ஆயிரம் இருந்தது. வாய் தானாகச் சொன்னது, கோயில் திருநீறு, வடக்கே ஒரு பெரிய கோயிலில் பாப்பாவுக்காக வேண்டிக்கொண்டு வாங்கினேன் என்று. பாப்பாவுக்காக என்று ஏன் சேர்த்தான். பொய் சொல்கிறவன் பொய்யோடு நிறுத்திக்கொள்ள வேண்டாமா. சுகந்தி முகம் அப்படியே மலர்ந்துபோய், அந்தப் பொட்டலத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அதுதான் இப்போது சுற்றிச் சுற்றி வருகிறது. அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டது. முதலில் வலது, அப்புறம் இடது. ஒற்றிவிட்டுத் தேய்த்த சட்டையில் பத்திரமாக வைத்துக் கொடுத்தாள்.

அடுத்த கொட்டாவியை அடுத்த தெருப் பாவாயக்கா பார்த்தாள். பாவாயக்காவுக்குக் கொட்டாவி என்றால் ஒரே அர்த்தம். 'சுகந்தி, தம்பிக்குக் கண்ணு பட்டிருக்குதுடி. பாரு, கொட்டாவி வுட்டே மாளுல, கண்ணுல தண்ணி ஊத்துது. வந்ததுலருந்து அத்தன பேரும் அவனயேதான பாக்கறாங்க.' உடனே கல்லுப்பும் வரமிளகாயும் வந்தன. மாமனையும் மருமகளையும் சேர்த்து உட்கார்த்திய வாக்கில் மூன்று சுற்றுச் சுற்றினாள். சுற்றச் சுற்ற அவனுக்குக் கொட்டாவி அதிகமானது, மூக்கு ஒழுகியது, முதுகு நடுங்கியது. 'பாத்தியா, எறங்குது, எறங்குது' என்று பாவாயக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இறங்கவில்லை, ஏறுகிறது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கால் உதறிக்கொண்டது, மடித்து வைத்த கால், முட்டி தானாகத் துள்ளியது. மாமா ஊஞ்சல்போலத் தூரியாட்டுகிறார் என்று நினைத்து நிவிஷா சிரித்தாள். இவ்வளவு பேர் பார்க்கிறார்கள், ஒருத்தருக்குமா தெரியவில்லை. தெரிந்துவிடுமோ என்று ஒரு பயம், யாராவது கண்டுபிடித்துத் தூக்கி வெளியே போட்டால் என்ன என்று ஒரு ஆசை. பயம் முன்னால், ஆசை பின்னால். பயம்தான் ஒவ்வொரு தடவையும் ஜெயித்தது.

பதினொன்று நாற்பதுக்கு ஆசாரி வந்து சேர்ந்தார், வழியில் டயர் பஞ்சராம். பூபதி வாங்கி வந்த கம்மலைத் தட்டில் வைத்தார்கள். அதை அவன் விற்கவில்லை. எத்தனையோ விற்றான், இதை விற்கவில்லை. அதை நினைத்துக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். 'மாமா, தலைய நல்லாப் புடிச்சுக்கோங்க. ஆடுனா காது கிழிஞ்சுரும், எடம் மாறிரும்' என்றார் ஆசாரி. பூபதி ஒரு கையை நெற்றியிலும் ஒரு கையைப் பின்மண்டையிலும் வைத்து மொட்டைத் தலையைப் பிடித்தான். கை நடுங்கியது. நடுக்கம் தலைக்குப் போகக்கூடாது என்று பல்லைக் கடித்தான். போர் போடும்போது குழாயை நேராக நிறுத்துகிற கை இது, ஆயிரம் அடிக்கு ஒரு விரற்கடை சாயாது. வலது காதில் கம்பி இறங்கியது. நிவிஷா ஒரு நொடி சும்மா இருந்தாள். அப்புறம் வீறிட்டாள். அந்த அலறல் அவன் உள்ளங்கை வழியாக உள்ளே வந்தது. வலிக்காது என்றாயே மாமா என்று அவள் சொல்லவில்லை, பிடிக்குள்ளேயே கண்ணை மேலே திருப்பி அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். மூச்சுப் பிடித்துக்கொண்டு அழுதாள், முகம் கருஞ்சிவப்பாகிவிட்டது. சத்தமே வரவில்லை. கொட்டகையில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

'அந்தத் திருநீற எடுறா' என்றாள் சுகந்தி. 'நெத்தில வெச்சு, வாயில ஒரு சிட்டிக போட்டா அழுவ நின்னுரும்.' நின்றுவிடும். ரொம்ப நன்றாகவே நின்றுவிடும், அதற்கப்புறம் எதற்கும் அழமாட்டாள். இது பூபதிக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது. முதலில் தோன்றியது வேறு. ஒரு சிட்டிகை போய்விட்டால் மீதி போதாதே என்று தோன்றியது. இருப்பதே ஒருவேளைக்குத்தான், அதிலும் ஒரு சிட்டிகை. அப்படித் தோன்றியதை அவன் பார்த்துவிட்டான். தன் மண்டைக்குள் எது முதலில் எழுந்து நின்றது என்று பார்த்துவிட்டான், இனி பார்க்காததுபோல் இருக்க முடியாது. 'அது வேண்டாங்க்கா.' 'ஏன்றா?' 'சந்தன ஈரம் பட்டுருச்சு.' 'திருநீறு ஈரத்துல கெட்டுப் போவுமாக்கும்? நீ கைய எடுக்காத, புள்ள ஆடுது, நானே எடுத்துக்கறன்.' கையை எடுக்க முடியாது. நெற்றியில் ஒரு கை, பின்மண்டையில் ஒரு கை. அக்காவின் விரல் சட்டைப் பைக்குள் போனது, பொட்டலம் வெளியே வந்தது, அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வலது. இடது. பிரித்தாள். மச்சான் இதையெல்லாம் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே தட்டிவிடலாமா. தட்டக் கை வேண்டும். ஊதிவிடலாமா, தும்மினேன் என்று சொல்லலாம். தும்மினால் போய்விடும், எல்லாம் போய்விடும், மோட்டார் ரூமில் ஒன்றும் இருக்காது. இன்னும், இப்போதும்கூட, அந்த ரூம். அக்காவின் கட்டை விரலும் மோதிர விரலும் சேர்ந்து தூளை எடுத்தன. மூச்சு திரும்பிய குழந்தை வாயை அகலமாகத் திறந்து அழுதது. சின்னச் சின்னப் பல் தெரிந்தது.

'அக்கா, அது திருநீறு இல்ல.'

குழந்தையின் அழுகையில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னான், கத்தியே சொன்னான். 'திருநீறு இல்லக்கா! தொடாத! புள்ளைக்குத் தொட்டுறாத!' கை அந்தரத்தில் நின்றது. 'பின்ன என்னது?' 'மாத்திர கெடைக்கலீன்னு... தோள்ல அடிபட்டப்ப குடுத்தாங்கல்ல, அது நின்னு போச்சு. அதுக்குப் பதிலு. பேப்பர்ல போடுவாங்களே ஹெராயின்னு, அதுக்கா. விஷம். கைய கழுவு. மொதல்ல கைய கழுவுக்கா.' குணசேகர் போனைத் தாழ்த்தினார். சுகந்தி தம்பியைப் பார்த்தாள். ஒழுகுகிற மூக்கு, நனைந்த கன்னம், ரோமம் குத்திட்ட கை, துள்ளுகிற முட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அரை மணி நேரம் முன்னால் அவளே துடைத்துவிட்ட கண்ணீரைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தான். காகிதத்தைப் பழையபடி மடித்தாள். விரலைச் சொம்புத் தண்ணியில் விட்டு ஒருதரம், இரண்டுதரம் கழுவினாள், சொம்பைத் தூரக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். பொட்டலத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்தாள்.

'ஏனுங்கம்மா' என்றார் ஆசாரி, யார் முகத்தையும் பார்க்காமல். 'மணி பன்னெண்டாவப் போவுதுங்க. அந்தக் காது?' பாவாயக்கா பிள்ளையைத் தன் மடிக்கு வாங்க இரண்டு கையையும் நீட்டினாள். சுகந்தி அவளைத் தடுத்தாள். தானும் வந்து மணைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பட்டுச் சேலை புழுதியில் பரவியது. 'அவந்தான் மாமன். எந்திரிக்கக் கூடாது' என்றாள். அப்புறம் தம்பியிடம், மிகவும் மெதுவாக, 'ஆட்டாமப் புடிறா' என்றாள். நிவிஷா இன்னும் விம்மிக்கொண்டிருந்தாள், ஆனால் இறங்க வேண்டும் என்று சொல்லவில்லை, அவன் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆசாரி இரண்டாவது கம்பியை எடுத்தார். பூபதி மொட்டைத் தலையை இரண்டு கையாலும் பிடித்தான். அக்காவின் சேலைத் தலைப்பு அவன் முட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதில் முடிச்சு, கோலிக்குண்டு அளவுக்கு. கை நீட்டினால் எட்டும். கண் அதை விட்டு நகரவில்லை. கையை எடுத்தால் பிள்ளை தலை ஆடும். அவன் எடுக்கவில்லை.